உரைக் கோப்பு வேலைக்கு ஆக்கா, பைத்தானா?

எங்கள் அலுவலகத்தில் ராத்திரியில் ஓடும் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள் நிறைய. வெப் சர்வர் லாக்கிலிருந்து (பதிவுக் கோப்பிலிருந்து) பிழைகளைப் பொறுக்குவது, விற்பனைக் கோப்புகளில் கிளை வாரியாகக் கூட்டல் போடுவது, இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு விடுபட்டதை எடுப்பது என்று எல்லாமே உரைக் கோப்பு வேலைகள். பாதி பைத்தானில், மீதி ஷெல்லில், ஒன்றிரண்டு பெர்லில் என்று சிதறிக் கிடந்தவற்றைச் சமீபத்தில் ஒழுங்குபடுத்த வேண்டி வந்தது. பெரும்பாலானவற்றை ஆக் (awk) என்ற உரைக் கோப்பு மொழிக்கு மாற்றிவிட்டேன், சிலவற்றைப் பைத்தானிலேயே விட்டுவைத்தேன். நான் ஆக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளலாம்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுவோம். ஒரு சொல்லைத் தேட கிரெப் (grep), மாற்ற செட் (sed), அடுக்க சார்ட் (sort) என்ற கட்டளைகள்: இவற்றுக்கு மேல் யோசிக்கவே வேண்டாம். வேகம்? சில எம்பி அளவுள்ள கோப்பில் எதில் எழுதினாலும் வித்தியாசம் தெரியாது. பல ஜிபி என்று போகும்போது மாக் (mawk) என்ற ஆக் வகை, பைத்தானைவிட வேகமாக முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்காக மட்டும் கட்சி மாறத் தேவையில்லை.

ஆக் 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. கோப்பை வரி வரியாகப் படிக்கும், வரியை இடைவெளி கண்ட இடத்தில் புலங்களாக வெட்டும், நிபந்தனை பொருந்தினால் சொன்ன வேலையைச் செய்யும். திறப்பது, மூடுவது, சுற்று போடுவது எதையும் நாம் எழுத வேண்டியதில்லை. அப்பாச்சி லாக்கின் வழக்கமான வடிவத்தில் ஒன்பதாவது புலம் நிலை எண், 404 என்றால் கேட்ட பக்கம் கிடைக்கவில்லை. 404 வந்த வரிகள் மட்டும் வேண்டுமென்றால் முழு நிரலே இவ்வளவுதான்:

$9 == 404

திரும்பத் திரும்ப வரும் வரிகளைக் கழித்து, வரிசை குலையாமல் ஒருமுறை மட்டும் வேண்டுமா?

!_[$0]++

அடிக்கோடு ஓர் அரேயின் (சாவி வைத்து மதிப்பைச் சேமிக்கும் பட்டியலின்) பெயர், $0 என்பது முழு வரி. ஒவ்வொரு வரியையும் சாவியாக வைத்து எண்ணுகிறது. முதல்முறை எண்ணிக்கை சுழியம் என்பதால் வரி அச்சாகிறது, அடுத்தமுறை ஆகாது. இதையே பைத்தானில் எழுதினால் ஏழெட்டு வரி வரும். அது பெரிய குறையில்லை. ஆனால் புலம் குறைவான வரி ஒன்று வந்தால் எங்கே நிற்கும், வெளியீட்டைப் பைப்பில் (அடுத்த கட்டளைக்கு அனுப்பும் குழாயில்) விட்டு முதல் பத்து வரியை மட்டும் பார்த்தால் பைப் உடைந்தது என்று ஏன் கத்துகிறது என்பதையெல்லாம் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை, பராமரிப்பு. ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சர்வர் மாறும்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். அந்த நாளில் அது ஓடுமா? பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. 2022இல் ஆப்பிள், மேக் கணினிகளுக்கான 12.3 பதிப்பிலிருந்து அதைத் தூக்கியே விட்டது. அச்சிடும் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாத பழைய ஸ்கிரிப்ட்கள் எல்லாம் ஒரே நாளில் செத்தன. சரி, அது பழைய கதை என்று விடலாம். பாண்டாஸ் என்ற பைத்தான் அட்டவணைத் தொகுப்பின் 2.0 பதிப்பு 2023இல் வந்தபோது, அட்டவணையில் வரி சேர்க்க எல்லாரும் பயன்படுத்திய அப்பெண்ட் செயல்பாடே அதில் இல்லை. அதே ஆண்டில் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பில், முன்புபோல் பிப் (பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவி) வைத்து நேராகத் தொகுப்பை நிறுவப் போனால் தடுத்துவிடும். தனிச் சூழல் உருவாக்கித்தான் நிறுவ வேண்டும். பத்து வரி ஸ்கிரிப்டுக்கு ஒரு சூழல், அதற்கொரு தொகுப்புப் பட்டியல், அந்தப் பட்டியலைக் காக்க ஓர் ஆள். இதெல்லாம் பெரிய மென்பொருளுக்கு நியாயம். லாக்கில் 404 எண்ணுவதற்கு?

ஆக், யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்திலேயே இருக்கிறது. எண்பதுகளின் பிற்பகுதியில் எழுதிய நிரல் இன்றும் பெரும்பாலும் அப்படியே ஓடும். டெபியனின் மெலிந்த டாக்கர் இமேஜில் (கொள்கலனாக ஓட்டும் சிறிய அமைப்பில்) பைத்தான் கிடையாது, மாக் உண்டு. நிறுவ வேண்டியது எதுவுமில்லை என்பதால் உடையக்கூடியதும் குறைவு.

இதில் ஒரு பொடி எழுத்து நிபந்தனை உண்டு. ஆக் என்ற பெயரில் பலர் இருக்கிறார்கள். டெபியன், உபுண்டுவில் மாக். ஃபெடோராவில் குனூ ஆக். மேக்கில், ஆக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான கெர்னிகன் பராமரித்து வந்தது. அல்பைன் லினக்ஸில், பல கட்டளைகளை ஒன்றாக அடக்கிய பிசிபாக்ஸுக்குள் இருப்பது. குனூ ஆக்கில் அரேயை அடுக்கிக் கொடுக்கும் வசதி போன்ற சலுகைகள் ஏராளம். அவற்றைத் தொட்டீர்களோ, அடுத்த கணினியில் அந்த நிரல் ஓடாது. எனவே போசிக்ஸில் உள்ளதை மட்டும் தொடுவது, அடுக்கும் வேலையைப் பைப் வழியாக சார்ட்டிடம் விடுவது என்று வைத்திருக்கிறேன். நினைவகத்தில் அடங்காத கோப்பையும் சார்ட் துண்டு துண்டாக வட்டில் வைத்து அடுக்கிவிடும், அது கூடுதல் லாபம். செட்டிலும் இந்தத் தொல்லை உண்டு: கோப்பை அதே இடத்தில் திருத்தும் தெரிவு லினக்ஸில் ஒரு மாதிரி, மேக்கில் வேறு மாதிரி. இரண்டுக்கும் பொதுவான ஸ்கிரிப்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

பைத்தானின் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. பணக் கணக்கில் நான் அதை விடவில்லை. தாவலால் பிரித்த கோப்பில் ஒரு தொகை 1,25,000 என்று காற்புள்ளியோடு வந்தால் ஆக் அதை 1 என்று எடுத்துக்கொண்டு கூட்டிவிட்டு அமைதியாகப் போகும். தொகை இருக்க வேண்டிய இடத்தில் பெயர் வந்தால் சுழியம். காற்புள்ளியை முன்கூட்டியே நீக்கலாம்தான், ஆனால் அது வரும் என்று தெரிந்தால்தானே? பைத்தான் அந்த இடத்திலேயே பிழை காட்டி நிற்கும். லாக் கோப்பில் இந்தக் கறார் எரிச்சல், விற்பனைத் தொகையில் இதுதான் வேண்டும்.

புலங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பும் அப்படித்தான். முகவரிப் புலத்துக்குள் காற்புள்ளி இருக்கும், சிலசமயம் புது வரியே இருக்கும், சுற்றி மேற்கோள் குறி இருக்கும். சாதாரண ஆக் இதில் தடுமாறும். 2023இல் கெர்னிகனின் ஆக், குனூ ஆக் இரண்டிலும் சிஎஸ்வி வசதி சேர்ந்தது. ஆனால் நான் கைவைக்கும் சர்வர்களில் பாதி அதற்கு முந்தைய பதிப்புகள். பைத்தானோடே வரும் சிஎஸ்வி தொகுப்பு இதைச் சரியாகச் செய்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெளித் தொகுப்பு எதையும் தொடாமல், பைத்தானோடு வருவதை மட்டும் வைத்து எழுதிய ஸ்கிரிப்ட்கள் எங்களிடம் நன்றாகவே நிலைத்திருக்கின்றன. மேலே நான் புலம்பியதில் பாதி வெளித் தொகுப்புகளால் வந்தது.

தமிழ் உரை என்று வந்தால் இரண்டுமே கொஞ்சம் சறுக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை மாக்கிடம் கேட்டால் 15 என்கிறது, பைட் கணக்கு. குனூ ஆக்கும் பைத்தானும் 5 என்கின்றன, யூனிகோடு குறியீடுகளின் கணக்கு. நமக்கு அது 3 எழுத்து. பைத்தானோடு வரும் தேடல் தொகுப்பில் ‘சொல்லெழுத்துகளைப் பிடி’ என்ற சுருக்கக் குறியைப் போட்டால், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகவே ஏற்காமல் ‘தம’, ‘ழ’ என்று வெட்டிக் கொடுக்கும். இடைவெளியை வைத்து மட்டும் பிரித்தால் மாக்கிலும் பிரச்சினை வராது. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்தின் நடுவே இடைவெளிக்கான பைட் வரவே முடியாது. எழுத்தெண்ண வேண்டுமென்றால், முழு எழுத்தாகப் பிடிக்கும் குறி பெர்லிலேயே இருக்கிறது. எனக்குப் பெர்லில் பழக்கம் குறைவு, இந்த ஒரு வேலைக்கு மட்டும் எடுக்கிறேன். பெரிய நிரலாக அதில் எழுதிப் பராமரித்தவர்கள் வேறு கருத்து வைத்திருக்கலாம்.

அப்புறம், கூட வேலை பார்ப்பவர்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் பைத்தான் தெரிந்திருக்கிறது, ஆக் தெரிவதில்லை. பராமரிப்பைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு இதை மறைக்க முடியாது. அதனால் ஆக் நிரல் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும், மேலே எந்தப் புலம் எது என்ற குறிப்பு இருக்க வேண்டும், இரண்டாவது செயல்பாடு எழுதத் தோன்றினால் பைத்தானுக்கு மாற்றிவிட வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். விண்டோஸ் மட்டுமே உள்ள இடம் என்றால் நான் சொன்னதில் பாதி பொருந்தாது, அங்கே பவர்ஷெல்லையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.