பழைய மாசி 1035 டிராக்டர்: புகையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

குடியாத்தம், பேரணாம்பட்டு, அந்தப் பக்கம் சித்தூர், பலமநேர் வட்டாரத்தில் கைமாறும் பழைய டிராக்டர்களில் மாசி பெர்குசன் 1035 டிஐ நிறைய. டாஃபே தயாரிப்பு, சிம்சன் மூன்று சிலிண்டர் இன்ஜின், 35 எச்பி ரகம். மானாவாரி நிலக்கடலைக் காட்டில் 9 கொழுக் கலப்பை இழுக்க இது போதும். ரொட்டவேட்டர்தான் முக்கிய வேலை என்றால் டபுள் கிளட்ச் வண்டியாகத் தேடுங்கள். சிங்கிள் கிளட்சில் கிளட்சை மிதித்ததுமே ரொட்டவேட்டரைச் சுழற்றும் பிடிஓ தண்டுக்கும் ஓட்டம் நின்றுவிடும்.

வருகிறவர்கள் எல்லாம் புகையைத்தான் பார்க்கிறார்கள். இன்ஜின் சூடானதும் ஆயில் மூடியைத் திறங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் லைனர் தேய்ந்திருக்கிறது. அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், சாமானும் எளிதாகக் கிடைக்கும். பணத்தை விழுங்குவது பின்பக்கம்.

ஹைட்ராலிக் பம்பு இதில் பின்பக்கக் கியர் ஹவுசிங்குக்குள்ளேயே, கியர் ஆயிலில் மூழ்கிக் கிடக்கிறது. கியர் ஆயில் கெட்டால் கலப்பையைத் தூக்கும் லிஃப்டும் கெடும். டிப்ஸ்டிக்கை உருவும்போது ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் லிவர் ரப்பர் பூட் கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கலாம். சேற்றுழவுக்கான இரும்புக் கேஜ் வீல் போட்டு ஆழச் சேற்றில் ஓடிய வண்டியாகவும் இருக்கலாம். அடுத்து, கலப்பையை மாட்டித் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். மளமளவென்று தரைக்கு இறங்கினால் லிஃப்ட் சிலிண்டர் ஓரிங்கோ வால்வோ கசிகிறது. இன்ஜின் ஓடும்போதே தூக்கிய கலப்பை விட்டுவிட்டுத் துள்ளினாலும் அதே நோய்தான். ஓரிங் சொற்ப விலை. லிஃப்ட் கவரைக் கழற்றி மாட்டும் கூலிதான் கடிக்கும்.

அம்முண்டி ஆலைக்குக் கரும்பு இழுத்த வண்டி என்றால் டிரெய்லர் மாட்டும் ஹிட்ச் ஓட்டையைப் பாருங்கள். முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் கிளட்ச் பிளேட்டும் பிரேக்கும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். ஆக்சில் சீல் போய் ஆயில் டிரம்முக்குள் வந்திருந்தால், சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பேரிங்கோ கிங்பின் புஷ்ஷோ தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும். ‘ஆயுத பூஜைக்கு அடித்த பெயிண்ட்’ என்பார்கள் விற்பவர்கள். ஹவுசிங் இணைப்பிலும் நட்டுகளிலும் பெயிண்ட் தடித்திருந்தால் கசிவை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள்.

செம்மண் புழுதியில் உழும் நாட்களில் ஆயில் பாத் ஏர் கிளீனர் கிண்ணத்தைத் தினமும் திறந்து பாருங்கள். கசடு சேர்ந்திருந்தால் கழுவி, குறி வரைக்கும் மட்டும் ஆயில் ஊற்றுங்கள்; கூடினால் இன்ஜின் உறிஞ்சிவிடும். இன்ஜின் ஆயிலை 250 மணிக்கு ஒருமுறை மாற்றலாம். மணிக் கணக்கு மீட்டர் பெரும்பாலும் செத்திருக்கும், நோட்டில் எழுதுங்கள். டீசல் தீர்ந்து குழாயில் காற்றடைத்தால் முதலில் ஃபில்டர், பிறகு பம்பு என்று காற்றுத் திருகுகளைத் தளர்த்தி, குமிழி நிற்கும் வரை கைப்பம்பை அடியுங்கள். கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் அடித்தால் போதும்.

ஏபி 03 என்ற சித்தூர் பதிவெண் வண்டியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர சித்தூர் ஆர்டிஓவில் படிவம் 28 போட்டுத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் பதிவு இருந்தால் அதை நீக்க 35. இன்ஜின் எண்ணும் சேஸ் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.