கயிறு தெரியாத ஆட்டுக்குட்டி: ஒரு கேன்வாஸ் பிரிண்ட் வாங்கிய கதை

வாங்கியது: ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ தெ சுர்பரான் வரைந்த 'ஆக்னஸ் தெயி' (லத்தீனில் 'தேவ ஆட்டுக்குட்டி') படத்தின் கேன்வாஸ் பிரிண்ட், 24க்கு 16 அங்குலம், மரச்சட்டத்தில் இழுத்து அடித்தது. விலை 1,850 ரூபாய். வந்து சேர ஒன்பது நாள். கடை, இணையத்தில் மட்டும் விற்கிற ஒரு பிரிண்ட் கடை. பெயர் வேண்டாம். கடைசியில் பாதிப் பிரச்சினையை அவர்களே சரிசெய்துவிட்டார்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் 28 வருடமாக ஆஃப்செட் மெஷினோடு இருக்கிறேன். காலண்டர் சீசனில் நல்ல மேய்ப்பர் படம் ஓடாத வருடம் கிடையாது. இயேசு தோளில் ஒரு குட்டி, காலடியில் நாலு குட்டி. எல்லாம் சோப்புத்தூள் விளம்பரத்து வேட்டி மாதிரி வெளேரென்று இருக்கும். அத்தனை லட்சம் ஆட்டுக்குட்டியை அடித்து அனுப்பியவன் வீட்டுச் சுவரில் ஒன்றுகூட இல்லை.

இந்த வருடம் எங்கள் திருமணத்துக்கு 25 வருடம். நான் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), வீட்டில் ஆர்.சி. (கத்தோலிக்கர்). இரண்டு பேருக்கும் பிடித்த படமாக ஹாலில் ஒன்று மாட்டவேண்டும் என்பது 25 வருடத்துப் பேச்சுவார்த்தை. திரு இருதயப் படம் என்றால் நான் முகம் சுளிப்பேன். வெறும் சிலுவை என்றால் அவள், "ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்குங்க" என்பாள். ஆட்டுக்குட்டியில்தான் உடன்பாடு வந்தது. அதிலும் ஒரு சின்ன எல்லைத் தகராறு உண்டு. நாங்கள் 'தேவ ஆட்டுக்குட்டி' என்போம். அவர்கள் பூசையில் அப்பத்தைப் பிட்கிற நேரத்தில் 'இறைவனின் செம்மறியே' என்று பாடுவார்கள். "ஆட்டுக்குட்டின்னா எனக்கு வெள்ளாட்டுக் குட்டிதான் ஞாபகம் வருது" என்பது அவள் கட்சி. எபிரெய மொழியிலும் பஸ்கா என்கிற யூதப் பண்டிகையில் பலியிடுகிற குட்டிக்கான சொல் செம்மறி, வெள்ளாடு இரண்டுக்கும் பொதுவானதுதான். யாத்திராகமம் 12:5-ஐத் திறந்து காட்டினேன். செம்மறியிலானாலும் வெள்ளாட்டிலானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே இருக்கிறது. அதற்கு அவள் மத்தேயு 25-ஐத் திறந்து, தீர்ப்பு நாளில் இடது பக்கம் நிற்பது யார் என்று பார்க்கச் சொன்னாள். வெள்ளாடுதான். சரி, விடுங்கள்.

இந்தப் படத்தின் மூலம் மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1635-க்கும் 1640-க்கும் இடையில் வரைந்தது. அளவு 37.3க்கு 62 சென்டிமீட்டர்தான். அங்குலத்தில் சொன்னால் 24க்கு 14½ சொச்சம். பெரிய பெரிய பீடப் படங்கள் வரைந்த மனிதர், இதை ஒரு தட்டுச் சோறு வைக்கிற அகலத்துக்கு வரைந்திருக்கிறார். ஒரு சாம்பல் நிறப் பலகை, பின்னால் இருட்டு, பலகை மேல் ஒரு குட்டி. நாலு காலும் சேர்த்துக் கட்டியிருக்கிறது. உயிரோடுதான் இருக்கிறது. மேய்ப்பன் இல்லை, புல் இல்லை, தேவதூதர் இல்லை. இதே பொருளை அவர் பலமுறை வரைந்திருக்கிறார். அமெரிக்காவில் சான் டியேகோ அருங்காட்சியகத்தில் இருப்பதில் தலைக்கு மேல் மெல்லிய ஒளிவட்டமும், 'ஆட்டுக்குட்டியைப்போல' என்ற பொருளில் இரண்டு லத்தீன் சொற்களும் உண்டு. பிராதோ படத்தில் அதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு இது.

இனி பார்சல். அட்டைப்பெட்டி, குமிழ் உறை, மூலைக்கு மூலை தெர்மாகோல். பேக்கிங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரித்து நாற்காலியில் சாய்த்து வைத்தோம். குட்டி பெரிதாக, அழகாக இருந்தது. வீட்டில் பார்த்துவிட்டு, "பாவம், நல்லாத் தூங்குது" என்றாள்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. காலைக் காணோம்.

சட்டத்தைத் தூக்கி அடியில் பார்த்தேன். குளம்புகளும் கயிறும் அங்கே இருந்தன. படத்தின் நீள அகலக் கணக்கு 24க்கு 16-இல் உட்காராது. மூலத்தின் உயரம் குறைவு. அதனால் யாரோ முகமும் ரோமமும் பெரிதாகத் தெரியட்டும் என்று இழுத்துப் பெரிதாக்கி, மிஞ்சிய கீழ்ப்பகுதியைச் சட்டத்தின் மடிப்புக்கு விட்டுவிட்டார்கள். முடிச்சு சரியாக ஒரு ஸ்டேப்பிள் பின்னுக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்தது. எங்கள் பிரஸ்ஸில் புதிதாகச் சேர்ந்த பையன் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைக் கட்டிங்கில் விட்டால் என்ன ஆகுமோ அது.

கடையின் பக்கத்தில் போய் மறுபடி பார்த்தேன். தலைப்பே 'தூங்கும் ஆட்டுக்குட்டி' என்று போட்டு, 'குழந்தைகள் அறை' பிரிவில் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பலூன் பிடித்த யானை.

வாடிக்கையாளர் சேவையில் பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். "சார், ஆட்டுக்குட்டி முழுசா தெரியுதே சார், கால் மட்டும்தானே?"

"அம்மா, அந்தக் கால்தாம்மா படம்."

அவளுக்குப் புரியவில்லை. அவள்மேல் தப்பில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? ஆதியாகமம் 22-இல், பலி கொடுக்க மலை ஏறும்போது ஈசாக்கு கேட்கிறான்: நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே? தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார் அப்பா ஆபிரகாம். மேலே போனதும் கட்டப்படுவது மகன்தான். கடைசி நேரத்தில் புதரில் கொம்பு சிக்கி நிற்பது குட்டிகூட இல்லை, ஆட்டுக்கடா. அப்படியானால் ஈசாக்கு கேட்ட அந்த ஆட்டுக்குட்டி எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பல நூறு பக்கம் தள்ளி, யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகன் ஒரு மனிதரைக் கைகாட்டி, "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி" என்கிறார். அந்தச் சுவிசேஷம் முடிகிற பக்கம் வந்தால், 18:12-இல் சேவகர் அவரைப் பிடித்துக் கட்டுகிறார்கள். 118-ஆம் சங்கீதத்திலும் பண்டிகைப் பலியைக் கயிறுகளால் கட்டச் சொல்கிற வரி இருக்கிறது. கயிறு இப்படி இங்கே ஒரு முனை, அங்கே ஒரு முனையாக வேதம் முழுக்கக் கிடக்கிறது. சுர்பரான் அதைச் சேர்த்து ஒரு முடிச்சாகப் போட்டார். கடைக்காரர் அதை அடியில் மடித்து ஸ்டேப்பிள் அடித்தார்.

இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. "கயிறு முன்பக்கம் தெரியணும், சுற்றி இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, படத்தை மூல அளவிலேயே போட்டு, மடிக்காமல் பேப்பரில் அடித்துக் கொடுங்கள்" என்று மெயில் போட்டேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. மறு பிரிண்ட் இலவசம், ஃபிரேம் மட்டும் நம் செலவு என்றார்கள். நியாயம்தான்.

இரண்டாவது பிரிண்ட் பற்றி என் தொழில் பார்வையில் கொஞ்சம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ரோமத்தில் டீட்டெயில் நன்றாக வந்திருக்கிறது. சுருள் சுருளாக, நெற்றிப்பக்கம் கட்டையாக, வயிற்றுப்பக்கம் அழுக்கேறி. ஆனால் நிறம் கூடுதல் வெளுப்பு. சுர்பரானுடைய குட்டி வெள்ளை இல்லை. காய்ச்சி ஆறவைத்த பாலின் ஆடை நிறம், அதில் கொஞ்சம் புழுதி. 'பழுதற்ற' குட்டி என்று யாத்திராகமம் கேட்பது நிறத்தை அல்ல, ஊனமும் நோயும் இல்லாததை. நாங்கள் காலண்டர்காரர்கள்தான் அதை வெளுத்துவிட்டோம். இந்தக் கடையின் மெஷினும் எங்கள் சாதிதான் போலிருக்கிறது, எதைக் கொடுத்தாலும் பளிச்சென்று ஆக்குகிறது. பின்னணிக் கறுப்பு பரவாயில்லை. வெறும் கறுப்பை மட்டும் ஓட்டினால் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். இதில் அடியில் வேறு மையும் சேர்த்திருக்கிறார்கள், ஆழம் வந்திருக்கிறது. ஆனால் பலகையின் விளிம்பு இருட்டில் கரைகிற இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறது. பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. என்னைப்போல மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும்.

படம் வந்த வாரம் எட்டயபுரம் சந்தைக்குப் போய்விட்டு வழியில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. நாற்பது வருடமாக ஆட்டு வியாபாரம். சனிக்கிழமை சந்தையில் நாலு காலையும் கட்டிப் பைக்கில் குறுக்கே போட்டுக்கொண்டு வருகிறவர். வேதம், ஓவியம் எதுவும் அவருக்கு வேண்டாம். படத்துக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"கடாக்குட்டிடா மாப்ள. கொம்பைப் பாரு. பத்து மாசம் இருக்கும். நம்மூரு ஆடு இல்ல, ரோமம் வேற மாதிரி இருக்கு."

அது மெரினோ இனம், எட்டு முதல் பன்னிரண்டு மாதக் குட்டி என்றுதான் பிராதோக்காரர்களும் சொல்கிறார்கள். பஸ்கா ஆடு 'ஆணும் ஒருவயதுள்ளதுமாய்' இருக்கவேண்டும் என்பது யாத்திராகமம். இரண்டையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அவர் கவனமெல்லாம் முடிச்சின்மேல்.

"வெள்ளாடா இருந்தா இந்நேரம் கத்தி ஊரைக் கூட்டிருக்கும். செம்மறி கம்முனு கிடக்கும். கட்டவே வேண்டாம் அதை. எதுக்குக் கட்டிருக்கான்?"

ஏசாயா 53:7 எனக்கு மனப்பாடம். 'மயிர்கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாதிருக்கிற ஆட்டைப்போலவும்' என்று பெரிய வெள்ளிதோறும் கேட்கிற வசனம். அதே வசனத்தைத்தான் அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டு, இது யாரைப்பற்றி என்று பிலிப்புவைக் கேட்கிறான். கேட்டு வளர்ந்த எனக்கு அந்த 'சத்தமிடாத' என்பது அலங்காரச் சொல்லாகவே இருந்தது. ஆடு வளர்க்கிறவர்கள் நடுவில் இருந்தவன் எழுதிய வரி அது என்று மாமா சொல்லித்தான் உறைத்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டிலிருந்து பதில் வந்தது. "சும்மா கிடந்ததுன்னா தூங்குதுன்னு நான் சொன்ன மாதிரி எல்லாரும் சொல்லிருவாங்க, சித்தப்பா." காபி டம்ளரை வைத்துவிட்டு அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ஆனா எனக்கு இந்தப் படம் பாதிதாங்க. திருவெளிப்பாட்டுல ஆட்டுக்குட்டி நிக்குது."

அவள் சொன்னது சரி. வேதத்தின் கடைசிப் புத்தகம், 5-ஆம் அதிகாரம். யூதா கோத்திரத்துச் சிங்கம் வருகிறது என்று ஒரு மூப்பர் அறிவிக்கிறார். அந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் திரும்பிப் பார்த்தால் சிங்கம் இல்லை. 'அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற ஒரு ஆட்டுக்குட்டி' நிற்கிறது, ஏழு கொம்பு, ஏழு கண்ணோடு. அறுபட்ட ஆடு எப்படி நிற்கும் என்று மாமாவைக் கேட்டால் சிரிப்பார். அந்த ஒரே புத்தகத்தில் கிரேக்க மூலத்தில் கிறிஸ்துவை ஆட்டுக்குட்டி என்று 28 இடத்தில் சொல்கிறது. நாம் அதிகம் சொல்கிற 'தேவ ஆட்டுக்குட்டி' யோவான் சுவிசேஷத்தில் இரண்டே இடம். 28 இடத்து ஆட்டுக்குட்டி கிடப்பதில்லை. புத்தகத்தின் முத்திரையை உடைக்கிறது, கோபப்படுகிறது, 7:17-இல் மேய்ப்பனாகவே ஆகிவிடுகிறது, கடைசியில் நகரத்துக்கே விளக்காகிறது. கல்யாணமும் உண்டு. இதை எந்த ஓவியரும் ஒரு பலகைமேல் கிடத்த முடியாது.

(ஓவியர்களுக்கு இதில் ஒரு பழைய வழக்கும் இருக்கிறது. கி.பி. 692-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம், கிறிஸ்துவை ஆட்டுக்குட்டியாக வரையாதீர்கள், மனித உருவில் வரையுங்கள் என்றது. ரோமில் இருந்த போப் முதலாம் செர்ஜியுஸ் அந்தச் சங்கத்தின் தீர்மானங்களில் கையெழுத்துப் போடவில்லை. பூசையில் செம்மறிப் பாடலைச் சேர்த்தவரும் அவர்தான். வீட்டில் இதைச் சொன்னதிலிருந்து எங்கள் ஹாலில் ரோமாபுரியின் கை ஓங்கிவிட்டது.)

சரி, வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் இப்படி. கேன்வாஸ் மடிப்பு வேண்டாம், பேப்பர் பிரிண்ட் கேளுங்கள். 24 அங்குல அகலம் கேளுங்கள், அது கிட்டத்தட்ட மூலத்தின் அளவே. உயரத்தை 14½-க்கு மேல் இழுக்கவேண்டாம் என்று எழுதிவிடுங்கள். ஆர்டர் குறிப்பில் 'கயிறும் நாலு குளம்பும் முன்பக்கம் தெரியவேண்டும்' என்று தனியாகப் போடுங்கள். பிரகாசத்தைக் கூட்டவேண்டாம் என்றும் போடுங்கள். நான் போட மறந்தது அது. ஃபிரேம் உள்ளூரில் போட்டுக்கொண்டால் எனக்கு 650 ஆனது, கண்ணாடி இல்லாமல். கண்ணாடி போட்டால் அந்த இருட்டில் டியூப்லைட்தான் தெரியும்.

முதல் பிரிண்டுக்கு ஒரு நட்சத்திரம், இரண்டாவதுக்கு நாலு. சேவைக்கு நாலு. முதலில் வந்ததைத் திருப்பிக் கேட்கவில்லை, அது பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையின் தொட்டிலுக்கு மேலே தூங்கிக்கொண்டிருக்கிறது. கடையில் இன்று காலையும் பார்த்தேன். தலைப்பை மாற்றச் சொல்லி எழுதியிருந்தேன், மாற்றியிருக்கிறார்கள்: 'ஓய்வெடுக்கும் ஆட்டுக்குட்டி'.