கோவையில் 'சீனியர் லிவிங்' பார்க்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோவையைச் சுற்றி சீனியர் லிவிங் என்ற பெயரில், வயதானவர்கள் பணம் கட்டித் தங்கும் இடங்கள் இப்போது ஏகப்பட்டவை. அப்படி ஒன்றில்தான் அம்மாவைச் சேர்த்தோம். விஷயம் வழக்குக்குப் போவதால் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் இவர்கள் ஏமாற்றிய விதம் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

அம்மாவுக்கு 78 வயது, சர்க்கரை உண்டு, ரெண்டு வேளை இன்சுலின். மற்றபடி தானே நடப்பார், தானே குளிப்பார். இடம் பார்க்கப் போனபோது, "24 மணி நேரமும் நர்ஸ் இருப்பாங்க, படுத்த படுக்கையானாலும் நாங்களே பார்த்துக்குவோம், நீங்க நிம்மதியா போங்க சார்" என்றார் மார்க்கெட்டிங் தம்பி. கட்டில் பக்கத்தில் சிவப்பு பட்டன், குளியலறையில் கைப்பிடி, வழுக்காத டைல்ஸ், எல்லாம் காட்டினார். டெபாசிட் 12 லட்சம், மாதம் 38,000, ஜிஎஸ்டி தனி.

ஒரு ராத்திரி அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்க அந்த பட்டனை அழுத்தியிருக்கிறார். வந்தது வாட்ச்மேன். நல்ல மனுஷன், அவரே கேன்டீனைத் திறந்து சர்க்கரை கரைத்துக் கொடுத்திருக்கிறார். நர்ஸ் எங்கே என்று கேட்டால் 'ஆன் கால்' என்கிறார்கள், அதாவது போன் போட்டால் வீட்டிலிருந்து கிளம்பி வருவாராம். அப்புறம் நான் போனபோது சுகர் ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். காலை பத்து மணி இருக்கும். அன்று ராத்திரி எடுக்க வேண்டிய ரீடிங் அதற்குள் எழுதியாகிவிட்டது! 142 என்று, அதே பேனா, அதே கையெழுத்து.

இதைக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. டிஸ்சார்ஜ் அன்று மேனேஜர் போன் செய்கிறார்: "சார், நம்மளது இண்டிபெண்டன்ட் லிவிங்தானுங்க, அம்மாவுக்கு இனி அசிஸ்டட் லிவிங் தேவைப்படுது. தனியா அட்டெண்டர் போட்டுக்கோங்க, எங்க ஏஜென்சி மூலமாத்தான் போடணும். இல்லைன்னா ரூமைக் காலி பண்ணிக்கலாங்க." ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது: குடியிருப்பவர் தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும், அந்த நிலையை நிர்வாகமே முடிவு செய்யும். டெபாசிட்? அந்த ரூமுக்கு அடுத்த ஆள் வந்த பிறகு, பெயின்ட் செலவு கழித்து, தருவார்களாம்.

இதில் வகைகள் இருப்பதையே விற்கிறவர்கள் சொல்வதில்லை. இண்டிபெண்டன்ட் லிவிங் என்றால் அடிப்படையில் வீடு, சாப்பாடு, துப்புரவு, அவ்வளவுதான். குளிப்பாட்ட, உடை மாற்ற, வேளாவேளைக்கு மருந்து கொடுக்க ஆள் இருப்பது அசிஸ்டட் லிவிங். படுக்கையில் இருப்பவரை ரெண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போடுவது, டியூப் வழியாக உணவு கொடுப்பது எல்லாம் நர்சிங் கேர். மறதி நோய்க்கான மெமரி கேர் தனி, அங்கே வாசலைத் தாண்டி வெளியே நடந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளவே ஆள் வேண்டும். பிரவுஷரில் ஊஞ்சலில் உட்கார்ந்து சிரிக்கும் தாத்தா பாட்டி படத்தைப் போட்டு நாலையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒருமுறை சொல்லாமல் போங்கள், உள்ளே விடமாட்டோம் என்றால் அதுவே பதில். ராத்திரி டியூட்டியில் இருப்பவர் ஏஎன்எம்மா (துணை நர்ஸ் படிப்பு), ஜிஎன்எம்மா (நர்சிங் டிப்ளமோ), தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு உண்டா என்று கேளுங்கள், 'ட்ரெயின்டு ஸ்டாஃப்' என்று மழுப்பினால் விடாதீர்கள். படுத்துவிட்டால் இதே வளாகத்தில் வைத்துக்கொள்வீர்களா, அப்போது மாதம் எவ்வளவு, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பி 'ஆமாம்' வாங்கி வைப்பதும் நல்லது. எங்கள் கையில் இன்று இருக்கும் ஆதாரத்தில் பாதி அந்த மார்க்கெட்டிங் தம்பியின் வாட்ஸ்அப்தான்.

நிறைய பேர் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தில் புகார் கொடுக்கச் சொன்னார்கள். வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) தலைமையிலான அந்தத் தீர்ப்பாயம் பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் வாங்கித் தருவதற்கானது, இதற்கு உதவாது. காசு வாங்கிக்கொண்டு சேவை தராததற்கு நுகர்வோர் ஆணையம்தான் வழி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்யலாம். முதியவர்களுக்கு வேறு உதவி, வழிகாட்டல் வேண்டுமென்றால் முதியோர் உதவி எண் 14567.

அம்மா இப்போது ஒரு ஆஸ்பத்திரி பக்கத்தில் சின்ன இடத்தில் இருக்கிறார். தோட்டம் கிடையாது, லிஃப்ட் சத்தம் போடும், ஆனால் ராத்திரி நர்ஸ் நிஜமாகவே மாடியில் இருக்கிறார். பழைய இடத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போய்விட்டது. பதிலாக மெயின்டனன்ஸ் பாக்கி என்று ஒரு பில் அனுப்பியிருக்கிறார்கள், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களின் சாப்பாட்டுக் காசும் சேர்த்து.