டிஎச் ரோட்டு அலைன்மென்ட் கடையும் அப்பாவின் ஜென்னும்

அப்பா 2002இல் வாங்கிய மாருதி ஜென்னை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சென்னை தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து மீஞ்சூர் பள்ளிக்கூடம் வரை, வாரத்தில் ஆறு நாள். வழி முழுக்க கன்டெய்னர் லாரி, லாரி தோண்டிய பள்ளம், பள்ளத்தை மூடிய மேடு. இந்தப் பாதையில் ஓடுகிற சின்ன வண்டிக்கு இன்ஜினைவிடக் கீழ்ப்பக்கம்தான் முதலில் தளர்கிறது.

போன வருடம் மழைக்கு முன்னால் முன்பக்க டயர் இரண்டையும் மாற்றினேன். அன்றைக்கே ஒரு பெரிய கடையில் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணங்களையும், பார்த்தாயிற்று. ஏசி அறை, காபி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேமரா வைத்த 3டி மெஷின். ஸ்கிரீனில் எல்லா எண்ணும் பச்சை. ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் பார்த்தால் இரண்டு டயரிலும் வெளி ஓரம் மழுங்கிக் கிடக்கிறது. டயர் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் வழவழப்பு, திரும்ப வெளியே இழுத்தால் அரம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் சாய்கிற கோணம், உள்ளே சாய்ந்தால் மைனஸ், வெளியே சாய்ந்தால் பிளஸ்) போய்விட்டது, ஜாக்கி வைத்து வளைக்க வேண்டும், ஆயிரத்து ஐந்நூறு ஆகும் என்றார்கள். "சார் யாராவது வந்தா விளக்கமா சொல்லலாம் மேடம்" என்றும் சொன்னார்கள். அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

இனி நான் சொல்ல வந்த கடை. டிஎச் ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) அகஸ்தியா தியேட்டர் இருந்த இடத்தைத் தாண்டி ஒரு சந்து. உள்ளே தகரக் கூரை, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரே ஒரு பள்ளம், சக்கரத்தில் மாட்டுகிற பழைய கம்ப்யூட்டர் மெஷின். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார். கூட்டம் வந்தால் அவசரப்பட வேண்டியிருக்குமாம். அந்தக் காலத்து அம்பாசிடர் டாக்ஸிகளில் கை பழகியவர், அறுபதைத் தாண்டிய ஆள்.

போனவுடன் மெஷினைத் தொடவே இல்லை. பழைய பிரிண்ட் அவுட் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். டேஷ்போர்டில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். மேல் வரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, உன் வண்டி எஸ்டிலோவா?"

நான் அதுவரை அந்த வரியைப் படித்ததே இல்லை. வண்டி மாடல் என்ற இடத்தில் ஜென் எஸ்டிலோ என்று அச்சாகியிருந்தது. எஸ்டிலோ 2006இல் வந்த வேறு வண்டி. பெயரில்தான் ஜென், அடித்தளமே வேறு. பட்டியலில் ஜென் என்று தேடி முதலில் கண்ணில் பட்டதை அமுக்கியிருக்கிறார்கள். மெஷின் காட்டிய பச்சை அந்த வண்டிக்கான பச்சை. என் வண்டிக்கு யாரும் எதையும் பார்க்கவில்லை.

அப்புறம் வண்டியைத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் ஆட்டினார். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட், பேரிங் தளர்வு தெரியும். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராடு எண்டு, அதாவது ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பியின் முனை. இடது டை ராடு எண்டு டக் டக் என்றது. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற கையின் ரப்பர்) கிழிந்திருந்ததை டார்ச் அடித்துக் காட்டினார். "இத வச்சிக்கினு நம்பர் செட் பண்ணா, சந்து முனைய தாண்டறதுக்குள்ள நம்பர் மாறிடும்" என்று சொல்லி, சாமான் பெயரை ஒரு அட்டையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஒரு பைசா வாங்கவில்லை. ஜிபி ரோட்டில் வாங்கி, எங்கள் மெக்கானிக்கிடம் மாட்டி, அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன்.

இந்தத் தடவை நான்கு டயரிலும் காற்றைச் சமமாக்கி, என்னையே டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். தினமும் தனியாகத்தானே ஓட்டுகிறாய், அந்த எடையோடு அளந்தால்தான் சரி என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு சக்கரத்திலும் மெஷினின் தலையை மாட்டி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பள்ளத்தில் அடிபட்ட ரிம்மில் லேசான கோணல் இருந்தால் அது அளவுக்குள் புகுந்து கெடுத்துவிடும். போன கடையில் இப்படிச் சுற்றிய ஞாபகம் எனக்கு இல்லை.

அளவு வந்தது. முன்பக்க டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கிற கோணம்) மொத்தம் 36 மினிட் உள்பக்கம். அறுபது மினிட் ஒரு டிகிரி. அதாவது டிகிரியில் பாதிக்கு மேல். சக்கரத்துக்கு 18 மினிட். கேட்கச் சின்னதாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன் (கணக்கு டீச்சர், என்ன செய்வது). 18 மினிட் கோணலாக உருளும் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. ஆறாயிரம் கிலோமீட்டருக்கு 31 கிலோமீட்டர். தண்டையார்பேட்டையிலிருந்து மீஞ்சூருக்கு மேலேயே டயரைக் குறுக்காகத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறேன். திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப்பின் டயர் அவை. எங்கள் ஊர்ச் சரக்கை எங்கள் ஊர் ரோட்டிலேயே அரைத்த பாவம்.

நம்பர் வைப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளுக்காகத்தான் இந்தக் கடையைப் பற்றி எழுதுகிறேன். எங்கே ஓட்டுகிறாய்? பின் சீட்டில் ஆள் ஏறுமா? டயர் நிறைய நாள் வர வேண்டுமா, இல்லை வளைவில் வண்டி சட்டென்று திரும்ப வேண்டுமா? கூட வந்திருந்த சித்தி பையன், இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கைப் பார்த்து வளர்ந்தவன், கேம்பரை மைனஸ் ஒன்றரை டிகிரிக்குத் தள்ளிவிடலாமே அண்ணே என்றான். "தம்பி, நீ மணலி ரோட்ல யார்கூட ரேஸ் வுடப்போற, ட்ரெய்லர்கூடவா?" என்று கேட்டார். வளைவிலேயே ஓடுகிற வண்டிக்கு அது பிடிப்பு கொடுக்கும். நேராகவே ஓடுகிற வண்டியில் டயரின் உள் ஓரத்தைத் தின்றுவிடும்.

இந்த வண்டியில் கேம்பருக்கென்று திருகு கிடையாது. ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பர் இருக்கிற தூண்) நக்கிளும் (சக்கரம் மாட்டுகிற பாகம்) சேரும் இடத்தில் இரண்டு போல்ட். அவற்றைத் தளர்த்தினால் ஓட்டையில் இருக்கிற சின்ன இடைவெளி அளவுக்கு மட்டும் நகர்த்த இடம் கிடைக்கும். இடது பக்கம் பிளஸ் 20 மினிட், வலது பக்கம் மைனஸ் 25 இருந்தது. கேம்பர் எந்தப் பக்கம் பிளஸ் அதிகமோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். என் ஜென் ஏன் நடைபாதையைப் பார்த்தே போனது என்று அப்போதுதான் விளங்கியது. போல்ட்டைத் தளர்த்தித் தள்ளியே இடதை மைனஸ் 15க்கும் வலதை மைனஸ் 5க்கும் கொண்டுவந்தார். இரண்டையும் ஏன் சமமாக வைக்கவில்லை என்று கேட்டேன். ரோடு நடுவில் உயர்ந்து இடது ஓரம் சரிகிறது, நாம் இடதில்தான் போகிறோம், வலதுக்கு ஒரு பத்து மினிட் கூட விட்டால் அது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும் என்றார். ஜாக்கி வைத்து வளைப்பதைப் பற்றிக் கேட்டதற்கு முகத்தைச் சுளித்தார். ஸ்ட்ரட்டுக்குள் இருக்கிற ராடு ஒரு முடி கோணினாலும் சீல் போய் எண்ணெய் கசியுமாம்.

கேஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு சாய்கிற கோணம்) இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது, இந்த வண்டியில் அதை மாற்றவும் வழியில்லை. பின்பக்கமும் அப்படியே. அளந்து பார்த்துவிட்டு விட்டார்.

கடைசியாக டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் அதுதான் எப்போதும் கடைசி. பின் சக்கரம் தள்ளுகிற அம்பாசிடரில் ஓடும்போது முன் சக்கரங்கள் விரியப் பார்க்கும், அதனால் முன்கூட்டியே உள்ளே மடக்கி வைப்பார்கள். முன் சக்கரமே இழுக்கிற வண்டியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அவை தாமாகவே உள்ளே மடங்கப் பார்க்கும், ஆகவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் போதும். மொத்தம் 6 மினிட் உள்ளே வைத்தார். டயரில் அளந்தால் ஒரு மில்லிமீட்டர். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டிவிட்டு இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பினார். முடித்ததும் மெஷினை நம்பாமல் ஒரு நூலைக் கட்டி இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. உட்கார ஒரு ஸ்டூல்தான், அதிலும் கிரீஸ். என் புடவையில் இன்னும் கறை இருக்கிறது. வேலை முடிய இரண்டரை மணி நேரம். ஒரு வண்டி உள்ளே இருந்தால் அடுத்தது சந்தை அடைத்துக்கொண்டு நிற்கும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார். பிரிண்டரில் மை இல்லாததால் எண்களை டயர் லேபிளின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கொடுத்தார். பேலன்சிங் ஈயத்தை (சக்கரத்தின் எடையைச் சமமாக்க ரிம்மில் மாட்டுகிற துண்டு) சுத்தியலால் அடித்த பையன் ஒரு ரிம்மில் கீறல் போட்டுவிட்டான். கேட்டால் அண்ணன் அவனைத் திட்டுகிறார், கீறல் அப்படியே இருக்கிறது. அலைன்மென்ட்டுக்கு 500, நான்கு சக்கரமும் பேலன்ஸ் செய்ய 400. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வா என்றார், அந்த மறுபார்வைக்குக் காசு வாங்கவில்லை.

நான்கு மாதம் ஆகிறது. தேய்ந்த டயரைப் பின்னால் போட்டுவிட்டு, பின்னால் இருந்ததை முன்னால் மாட்டி ஓட்டுகிறேன். வாரம் ஒரு தடவை உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. பழைய ரோட்டில் கையை விட்டால் வண்டி இன்னும் லேசாக இடது பக்கம் சாய்கிறது, எக்ஸ்பிரஸ் ரோட்டில் நேராகப் போகிறது.

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், அன்றைக்குப் போகாதீர்கள். பழைய பிரிண்ட் அவுட் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், மேல் வரியை வீட்டிலேயே ஒரு தடவை படித்துவிட்டு.