நச்சியல் ஆய்வில் ஏ.ஐ.: சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நச்சியல் ஆய்வுக் குழுவுக்குப் புள்ளிவிவர வேலை பார்க்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, கோலார் பக்கமிருந்து பூச்சிமருந்து கேஸ்கள் இந்த ஊருக்கு நிறைய வரும். பழைய கேஸ் ஷீட்களையும் வெளியான கட்டுரைகளையும் சேர்த்துவைத்து, எந்தச் சிகிச்சை பலன் தருகிறது என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. இதில் ஏ.ஐ. எவ்வளவு உதவும் என்று கேட்பவர்களுக்காக இது.

முதலில், ஏ.ஐ.யே இல்லாத ஒன்று. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடி முடிவுகளை இறக்க, இரட்டைப் பதிவுகளை நீக்க ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். விநாடிக்கு 3 கோரிக்கைகள்தான் அனுப்பலாம். இலவச ஏபிஐ கீ (அடையாளக் குறியீடு) வாங்கிக்கொண்டால் 10. எங்களுக்கு மிச்சமான நேரத்தில் பெரும்பங்கு இந்த ஸ்கிரிப்டால்தான். இதைப் பற்றி யாரும் கருத்தரங்கு நடத்துவதில்லை.

அடுத்து, கட்டுரைகளைச் சலிக்கும் வேலை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் உருவான ஏஎஸ்ரிவ்யூ என்ற திறந்தமூல மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். நம் கணினியிலேயே ஓடும். வேண்டியது சில, வேண்டாதது சில என்று காட்டிவிட்டால் பொருத்தமானவற்றை முன்னுக்குக் கொண்டுவரும். நாம் ஆம், இல்லை சொல்லச் சொல்ல வரிசை மாறும். எலிச் சோதனைகளும் குளத்து நீரில் பூச்சிமருந்து எச்சம் தேடியவையும் சீக்கிரமே அடியில் போய்விடும். ஆனால் பழைய கட்டுரைகள் பலவற்றுக்குச் சுருக்கமே கிடையாது. தலைப்பை மட்டும் வைத்து எந்த மென்பொருளும் என்ன தரம் பிரிக்கும்? அவற்றைத் தனியாக எடுத்துக் கையால்தான் படிக்கிறோம்.

தொல்லை ஆரம்பிப்பது, சாட்பாட்களின் உள்ளே இருக்கும் மொழி மாடல்களிடம் கட்டுரைகளிலிருந்து எண்களைப் பிடுங்கித் தரச் சொல்லும்போது. வார்டில் ‘பாம்’ என்று சொல்லும் பிரலிடாக்சிம் என்ற பூச்சிமருந்து முறிமருந்தையே எடுத்துக்கொள்வோம். 2006இல் வெளியான, மகாராஷ்டிராவின் பாராமதியில் நடந்த ஆய்வில் 200 நோயாளிகள். இரண்டு பிரிவுக்கும் அதே மருந்துதான்: 2 கிராம் கொடுத்த பிறகு ஒரு பிரிவுக்கு மணிக்கு 1 கிராம் தொடர்ந்து, மற்றதற்கு 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம். தொடர்ந்து கொடுத்ததில் இறப்பு குறைந்தது. 2009இல் வந்த இலங்கை ஆய்வில் 235 பேர். அங்கே ஒப்பீட்டுப் பிரிவுக்கு வெறும் சலைன். மருந்து பெற்றவர்களிடம் இறப்பு குறையவில்லை. நாங்கள் பயன்படுத்திய ஒரு கட்டண சாட்பாட், பாராமதி வரிசையிலும் ஒப்பீட்டுப் பிரிவுக்கு ‘மருந்து இல்லை’ என்று எழுதித் தந்தது. அட்டவணை அத்தனை சுத்தமாக இருக்கும், சந்தேகமே வராது. அதை அப்படியே கணக்கில் சேர்த்தால் வேறு வேறு கேள்வி கேட்ட இரண்டு ஆய்வுகள் ஒன்றாகிவிடும்.

அலகுகளும் அப்படித்தான். பாராசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு, 4ஆம் மணியில் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராம் இருந்தால் முறிமருந்து என்ற சிகிச்சைக் கோட்டை, சில நாட்டுக் கட்டுரைகள் லிட்டருக்கு ஏறத்தாழ 1000 மைக்ரோமோல் என்று எழுதும். மாடல் இரண்டையும் அட்டவணையின் ஒரே பத்தியில் போடும். பூச்சிமருந்து முடக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவுகளோ ஆய்வகத்துக்கு ஆய்வகம் முறையே வேறு. அங்கே அலகை மாற்றினாலும் ஒப்பிட முடியாது.

இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு எண்ணுக்கும், அது இருக்கும் வாக்கியத்தை மாடல் அப்படியே எடுத்துக் காட்ட வேண்டும். அந்த வாக்கியம் உண்மையில் பிடிஎஃப்பில் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் தேடும். இல்லையென்றால் எக்ஸலில் அந்தக் கட்டம் சிவப்பாகும். வாக்கியம் இருந்தாலும் இரண்டு பேர் தனித்தனியே படித்த பிறகுதான் கணக்குக்குப் போகும்.

கேஸ் ஷீட்கள் வெளி சர்வருக்குப் போகவே கூடாது. பெரும்பாலானவை போலீஸ் பதிவுக்குப் போகும் மெடிகோ லீகல் கேஸ்கள். அதனால் துறை கணினியிலேயே, இறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு திறந்த மாடலை ஓட்டுகிறோம். மெதுவாகத்தான் ஓடும், பரவாயில்லை. அதன் பெரிய குறை நேரக் கணக்கு. பூச்சிமருந்தைக் குடித்தது, முதலில் போன ஆஸ்பத்திரியில் அட்ரோபின் என்ற முறிமருந்து போட்டது, அங்கிருந்து ரெஃபர் ஆகி இங்கே வந்தது என்று ஒரே பக்கத்தில் மூன்று நேரம் இருந்தால், வந்த நேரத்தையே குடித்த நேரமாக எடுத்துக்கொள்கிறது. ஹவுஸ் சர்ஜன்களின் கையெழுத்தில் எங்கள் டேட்டா என்ட்ரி அக்காவிடம் எந்த மாடலும் கிட்டே வராது. அவர் சேலத்துக்காரர், கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கலந்த குறிப்பைக் காபி ஆறுவதற்குள் படித்துவிடுவார்.

அந்த சாட்பாட்டின் கட்டணச் சந்தாவை இந்த முறை புதுப்பிக்கவில்லை. உள்ளே ஓடும் மாடலின் பதிப்பை ஓர் ஆய்வு முடியும்வரை மாற்றுவதில்லை; அந்தப் பதிப்பு எண்ணைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எழுதிவிடுகிறோம்.