பத்தியச் சமையலா, சத்து மாத்திரையா? பிள்ளை பெற்றவளுக்கு எது கடைசிவரை ஓடும்

தங்கை பிரசவம் முடிந்து பாம்பன் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஹீமோகுளோபின் 9-ஐத்தான் தாண்டியிருந்தது. வீட்டில் இரண்டு கட்சி. பத்தியச் சாப்பாடே போதும் என்று அம்மாவும் அம்மாச்சியும். நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள்கூட விடக்கூடாது என்று நான். கடைசியில் இரண்டும் நடந்தது. ஆனால் ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால், இரும்புச்சத்து விஷயத்தில் நான் மாத்திரை பக்கம்தான்.

பத்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மிளகு, சீரகம், பூண்டு அரைத்துவிட்டு வைக்கும் காரல் மீன் சொதியும், வெந்நீரில் இரண்டு தரம் அலசி உப்பை இறக்கி, தலையைக் கிள்ளிப்போட்டு வதக்கும் நெத்திலிக் கருவாடும் நல்ல சாப்பாடு. நெத்திலியை முள்ளோடு மென்று தின்கிறோம், அதனால்தான் அதில் கால்சியம் கிடைக்கிறது. சீலா, பாறை என்று பெரிய மீன் வாங்கி முள்ளை ஒதுக்கினால் அந்தச் சத்தும் முள்ளோடு போய்விடும். புரதத்துக்கும் மீன்தான். ஆனால் இரும்பு? பெரும்பாலான மீன்களில் 100 கிராமுக்கு 1 மி.கி. ஒட்டித்தான் இருக்கிறது. கடற்கரையில் தினமும் மீன் தின்கிற வீட்டிலும் பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு. கீரை இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது நூற்றுக்கு ஐந்தோ பத்தோதான். கருப்பட்டியும் ஒரு நாளைக்குத் தின்கிற அளவுக்குப் பெரிதாகத் தராது.

பத்தியத்தில் உண்மையிலேயே ரத்தம் ஊற வைக்கிறது சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல். அதில் 100 கிராமுக்கு 40 மி.கி. அளவுக்கு இரும்பு, அதுவும் உடம்பில் எளிதாகச் சேர்கிற வகை. ஈரல்கூட அதற்குக் கிட்டே வராது. ஆனால் ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் கிடைக்கும். வாரம் ஒருநாள் கிடைப்பதே பெரிது.

இனி நான் மாத்திரை பக்கம் சாய்ந்த காரணம். சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் ரத்தம் போகலாம். அதோடு போகிற இரும்பு ஏறக்குறைய 200 மி.கி. சாதாரணச் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது 1, 2 மி.கி. அன்றாடச் செலவே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அப்படியென்றால் இழந்ததை ஈடுகட்ட எத்தனை மாதம் ஆகும் என்று பாருங்கள். அரசுக் கணக்கில் பாலூட்டும் தாய்க்குத் தினம் ஒரு மாத்திரை, 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், 180 நாள். அந்த ஆறு மாதம்தான் விஷயமே. ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் எண் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள். உடம்பில் இரும்பு இருப்பு நிரம்ப அதற்கு மேலும் போட வேண்டும்.

பத்தியம் ஆறு மாதம் ஓடுமா? எங்கள் பக்கம் நாற்பது நாள் வரை தாய் வீட்டில் தாங்குவார்கள். அப்புறம் கவனம் முழுக்கப் பிள்ளை மேல். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவார்கள். என் தங்கையை சாயல்குடியில் விட்டோம். அங்கே அடுப்படியில் நிற்பதும் அவள்தான், எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் உட்காருவதும் அவள்தான். சுவரொட்டிக்குச் சொல்லி வைக்க அங்கே யார் இருக்கிறார்கள்? மீனும் எப்போதும் ஒரே மாதிரி வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகு மீன் வரும், விலை ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் அதுவும் இல்லை. மாத்திரை அட்டைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, காசும் கிடையாது. கிளம்பும் முன் நர்ஸிடம் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு, தாய் சேய் அட்டையை மறக்காமல் பையில் வைத்தோம். போன ஊர் சுகாதார நிலையத்தில் அதைக் காட்டினால் தொடர்ந்து தருகிறார்கள்.

“ஏத்தா, அது சூடு, பால் வத்திப் போயிரும்” என்றாள் அம்மாச்சி. இரும்பு மாத்திரையால் பால் வற்றாது. மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. மலச்சிக்கல் வரும், அது நிஜமான தொந்தரவு; பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்தால் இன்னும் கூடும். தண்ணீர் தாராளமாகக் குடிக்கக் கொடுங்கள். தங்கை ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்து எலுமிச்சைச் சாறோடு போட்டாள். காபி, டீ, பால் எதையும் அந்த நேரத்தில் கிட்டே விடவில்லை. அவை இரும்பைச் சேரவிடாது.

கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்துப் போடக்கூடாது. அது 500 மி.கி. வீதம் தினம் இரண்டு, சாப்பாட்டோடு; இதுவும் ஆறு மாதம். இதில் நான் அவ்வளவு கறாராக இல்லை. மாத்திரை பெரிது, தங்கை பாதி நாள் விழுங்க முடியாமல் விட்டுவிட்டாள். கேழ்வரகுக் கூழில் 100 கிராம் மாவுக்கு 350 மி.கி. அளவுக்குக் கால்சியம், கூடவே பால், நெத்திலி. சாப்பாடு ஓரளவு ஈடுகொடுக்கும் இடம் இது என்று நினைக்கிறேன். ஆனாலும் நர்ஸ் தந்தால் வாங்கிப் போடுங்கள்.

மருந்துக்கடை டானிக்கை நாங்கள் வாங்கவில்லை. மாத்திரை குமட்டுகிறது என்று பக்கத்து வீட்டில் டானிக்குக்கு மாறினார்கள், அது ஒத்துக்கொண்டது. வாங்கினால் ஒரு மூடிக்கு எத்தனை மி.கி. இரும்பு என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

சுறாப்புட்டு வேண்டுமென்றால் சின்னப் பால்சுறாவில், எப்போதாவது. பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும், பாலூட்டுகிறவளுக்கு வேண்டாம். உப்பும் கவனிக்க வேண்டியது. வாலிநோக்கம் பக்கம் உப்பளம் இருப்பதால் அங்கிருந்து அள்ளிவந்த உப்பையே பல வீட்டில் போடுகிறோம். அதில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். தாய் சாப்பிடுகிற அயோடின்தான் பாலில் பிள்ளைக்குப் போகிறது. உறையில் ‘அயோடின் கலந்தது’ என்று போட்ட உப்பாக வாங்குங்கள்.

ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தாலோ, நாலு எட்டு வைப்பதற்குள் மூச்சு வாங்கினாலோ சுவரொட்டியா, மாத்திரையா என்று பேசிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ரத்தம் ஏற்றுவதா, நரம்பு வழி இரும்பு கொடுப்பதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.