உறைக்குழி, செப்டிக் டேங்க், காற்றூட்டும் தொட்டி: கசடு எடுக்க வழி எதில் இருக்கிறது?

எங்கள் மனைக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு கிடையாது. வீட்டுக் கழிவுநீரை மனைக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். உறை இறக்கிய குழி, நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழியோடு செப்டிக் டேங்க், ப்ளோயர் (காற்றை ஊதும் இயந்திரம்) வைத்த காற்றூட்டும் தொட்டி என்று மூன்று வழிகள் இருந்தன. நான் எடுத்தது இரண்டாவது. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

உறைக்குழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சிமெண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியை மண்ணாகவே விட்டுவிடுவார்கள். வேலை சட்டென்று முடியும். ஆனால் அதில் எதுவும் தெளிந்து பிரிவதில்லை. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் மனையில் அந்த அழுக்கு நேராகக் கிணற்றைத் தேடிப் போகும். புது வீட்டு வரைபடத்தில் ஒற்றைக் குழியைப் பல உள்ளாட்சிகள் ஏற்காததற்குக் காரணம் இதுதான். இரட்டைக் குழி வேறு விஷயம். ஒன்று நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டு, நிறைந்ததை ஓரிரு ஆண்டுகள் மூடி வைத்தால் உள்ளே இருப்பது மட்கி உரமாகிவிடும். குறைவாகத் தண்ணீர் ஊற்றும் கழிப்பறைக்கு அது நல்ல ஏற்பாடு. குளியல், துவையல் தண்ணீரையும் அதிலேயே விட்டால் தாங்காது.

செப்டிக் டேங்க் பழைய, எளிய அமைப்பு. 1890களில் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரில் டொனால்ட் கேமரன் இந்தப் பெயரில் கட்டிய தொட்டிக்கும் இன்றைய தொட்டிக்கும் அடிப்படை ஒன்றுதான். கனமானது அடியில் கசடாகப் படியும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் 'T' வடிவக் குழாய் வழியாக வெளியேறும். கழிவுநீர் உள்ளே ஒரு நாளாவது தங்க வேண்டும். இரண்டு அறையாகக் கட்டினால் முதல் அறை பெரிதாக இருக்க வேண்டும், படிவது பெரும்பாலும் அங்கேதான். இவ்வளவும் பாதி வேலைதான். வெளியே வரும் நீரில் கிருமி நிறையவே இருக்கும். மீதியை மண் செய்ய வேண்டும், அதற்குத்தான் உறிஞ்சு குழி.

விதிகள் இறுக்கிப் பிடிப்பதும் அந்த இடத்தைத்தான். உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் இடையே பல இடங்களில் 50 அடி கேட்கிறார்கள், சில இடங்களில் 100 அடி. மனை எல்லை, வீட்டு அஸ்திவாரம் இரண்டிலிருந்தும் இடைவெளி வேண்டும். குழியின் அடி, மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். ஆகவே கோடையில் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சில இடங்களில் மண் சோதனையும் உண்டு. குழி தோண்டி, தண்ணீர் விட்டு நன்றாக ஊறவைத்து, அதன் பிறகு ஊற்றும் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளப்பார்கள். களிமண்ணில் இறங்கவே இறங்காது. வெறும் மணலில் வடிகட்டாமலே ஓடிவிடும், அதுவும் ஆபத்துதான். உங்கள் பகுதிக்கான அளவை உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேஸ்திரி வாய்வழியாகச் சொல்வதை மட்டும் நம்பிக் குழி வெட்டாதீர்கள்.

சரி, நான் முடிவெடுத்த காரணத்துக்கு வருகிறேன். கசடு எடுப்பது. எந்தத் தொட்டி வைத்தாலும் கசடு சேரும், அதை எடுத்தே ஆக வேண்டும். ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லிட்டர் என்று கணக்குப் போடுவது வழக்கம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் மூன்று ஆண்டில் 600 லிட்டர். கசடும் மிதப்பும் சேர்ந்து தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை எட்டும்போது எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கசடு உறிஞ்சு குழிக்குள் போய் மண்ணின் துளைகளை அடைத்துவிடும். அப்புறம் தொட்டியைக் காலி செய்தும் பயனில்லை, குழியையே புதிதாக வெட்ட வேண்டும்.

முன்பு நாங்கள் இருந்த வீட்டில் தொட்டியின் மூடியைத் தரையோடு சேர்த்து டைல்ஸ் போட்டு மறைத்திருந்தார்கள். மழை நாளில் கழிப்பறை பொங்கி வந்தபோது மூடி எங்கே என்றே யாருக்கும் தெரியவில்லை. மூன்று இடத்தில் தரையை உடைத்தோம். திறந்ததும், வந்தவர்களில் ஒருவர் உள்ளே இறங்கிப் பார்க்கிறேன் என்றார். கையைப் பிடித்துத் தடுத்தோம். தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும், மூச்சு விடக் காற்று இருக்காது. இறங்கினவரும் அவரைக் காப்பாற்ற இறங்கினவரும் சேர்ந்து சாவது திரும்பத் திரும்ப நடக்கிறது. எந்தச் சூழ்நிலையிலும் ஆள் இறங்கக் கூடாது. இயந்திரம்தான் எடுக்க வேண்டும்.

அதனால் இந்த முறை இடத்தை வாசல் பக்கமாகத் தேர்ந்தெடுத்தேன். லாரி தெருவில் நின்றபடியே குழாய் நீட்டினால் எட்ட வேண்டும். உறிஞ்சும் பம்பு ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்கு மேல் இழுக்கத் திணறும், எனவே தொட்டியை ஆழமாக்காமல் நீளமாக்கினேன். அறைக்கு ஒரு மூடி, இரண்டும் தரை மட்டத்தில், மேலே எதுவும் கட்டவில்லை. நாற்றக் குழாயை ஜன்னல்களைவிட உயரமாகக் கொண்டுபோனேன். கட்டி நான்கு ஆண்டு ஆகிறது. ஒரு முறை கசடு எடுத்தாயிற்று, அரை மணி நேர வேலை. ரசீதை வரைபடத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்க வேண்டிய காகிதம் அது.

காற்றூட்டும் தொட்டியை நான் வைத்துப் பார்த்ததில்லை. பக்கத்து மனையில் ஒன்றரை ஆண்டாக ஓடுவதைப் பார்த்ததோடு சரி. வெளிவரும் நீர் தெளிவாகவே இருக்கிறது, வாடை குறைவு. பாக்டீரியாவுக்குக் காற்று தருவதால் செப்டிக் டேங்க்கைவிடச் சுத்தம் அதிகம். ஆனால் ப்ளோயர் இரவும் பகலும் ஓட வேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் போனால் பாக்டீரியா சாகும், வாடை கிளம்பும். பல இடங்களில் பராமரிப்பு ஒப்பந்தமும் அவ்வப்போது சோதனை அறிக்கையும் கேட்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு கசடும் எடுக்கத்தான் வேண்டும். பத்து ஆண்டுக்குப் பிறகு அந்த ப்ளோயர் எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது.

ஆனாலும் என் மனை இன்னும் சிறியதாக இருந்து, கிணறு பக்கத்திலேயே இருந்து, மழைக்காலத்தில் நாலடியில் தண்ணீர் ஊறியிருந்தால் நானும் அதைத்தான் வைத்திருப்பேன். அப்படிப்பட்ட மண்ணில் உறிஞ்சு குழிக்கு அனுமதி கேட்பதே தப்பு.